பலகை வைக்காத குழி

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர் நஞ்சம்மாளுக்கு நான் எண்பத்தைந்து ரூபாய் கடன்பட்டிருந்தேன். ஆடு விற்றுச் சேர்த்த வெள்ளிக் காசு. பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. புருஷன் செத்த பிறகு கொழுந்தனார் இருவரும் அவள் கையில் தம்படி தங்க விடுவதில்லை.

"யாருக்கும் தெரியக் கூடாது, மாது. என் கையால குடுக்கறேன், உன் கையாலயே திரும்பி வரணும்" என்றாள். எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அந்தப் பணத்தில் நான் வெட்டிய கிணறு நாற்பதடியில் பாறையைக் காட்டியது, தண்ணீரைக் காட்டவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் நூல் பிடித்த மாதிரி கிணறு வெட்ட இந்தத் தாலுகாவில் என்னை விட்டால் ஆள் கிடையாது. இன்றைக்கும் கிடையாது. குறை பூமியுடையது.

1941-ல் சேலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். துப்பாக்கி தூக்காத பயனியர் கம்பெனியில் சேர்ந்தேன். எங்களுக்குக் கடப்பாரையும் மண்வெட்டியும்தான். பம்பாயில் கப்பல் ஏறி, சூயஸ் தாண்டி, லிபியா மணலில் கொண்டுபோய் விட்டார்கள். முன்னே முள்கம்பி, பின்னே கடல். லீவு என்ற பேச்சே இல்லை. நஞ்சம்மாளுக்கு மணியார்டர் அனுப்பவும் வழியில்லை. தபால்காரர் ஊர் நடுவே பேர் சொல்லிக் கூப்பிட்டால் கொழுந்தனார் கைதான் முதலில் நீளும். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைக் கம்பெனி கணக்கில் போட்டுவிட்டு, சண்டை முடியட்டும் என்று கிடந்தேன்.

கூட இருந்தவன் மொரப்பூர்ப் பச்சியப்பன், கம்பெனிச் சமையல்காரன். அவனிடம் நான் சொல்லி வைத்திருந்ததெல்லாம் வேறு. பத்து ஏக்கர் நஞ்சை, யாருக்கும் காலணா பாக்கியில்லை.

1942 கோடையில் தண்ணீர்த் தொட்டி புதைக்கப் பன்னிரண்டடிக் குழி வெட்டச் சொன்னார்கள். பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்கப் பலகை மறுநாள் வரும், அதுவரை ஆழத்துக்கு இறங்காதே என்றார் ஹவில்தார். நான் சிரித்தேன்.

"எங்க ஊர்ல நாப்பதடி கெணறு ஒத்தப் பலகை இல்லாம நிக்குதுங்க."

"இது உன் ஊரு இல்ல" என்றார்.

எங்கள் சுக்காம்பாறையை வெட்டினால் சுவர் எழுப்பியது போல நிற்கும். வேறு மண்ணை நான் அறியேன். அவர் தலை மறைந்ததும் நேர்குத்தாக இறங்கினேன். அழகாகத்தான் வந்தது. மேலே லாரி ஒன்று போனது. ஒரு பக்கம் சத்தமே இல்லாமல் சரிந்தது.

நெஞ்சு வரை மணல். வலது கை மட்டும் வெளியே. மூச்சை விட்டால் விட்ட இடத்தில் மணல் வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த மூச்சுக்கு இடம் குறைந்தது. அள்ள அள்ள மேலும் சரிந்ததால் ஹவில்தார் அள்ளுவதை நிறுத்தி, அடுத்த முகாமிலிருந்து பலகை கொண்டுவர ஆள் அனுப்பினார். அதற்குள் விமானங்கள் வந்தன. எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். பச்சியப்பன் மட்டும் ரொட்டி தேய்க்கும் பலகையைக் குழி ஓரத்தில் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்தான்.

"ஓடுடா, பச்சியப்பா."

"நான் ஓடுனா உனக்கு யாருடா தண்ணி ஊத்துறது? வாயத் தொற."

எங்கோ குண்டு விழுந்தது. மணல் கழுத்துக்கு ஏறியது. வலது கையும் உள்ளே போயிற்று. கற்பூரம் அணைத்த கை. நான் செத்தால் கணக்கில் இருக்கும் பணம் என் அப்பனுக்குப் போகும். நஞ்சம்மாள் வாய் திறந்து கேட்க முடியாது.

"பச்சியப்பா, நான் கடன்காரன்டா."

"என்னது? கேக்கல!"

"எம்பத்தஞ்சு ரூவா! எங்க ஊரு நஞ்சம்மாக்காவுக்கு! நான் உனக்குக் கடன் தரணும்னு சொல்லி எங்கப்பன்கிட்ட வாங்கு. கொழுந்தனாருங்களுக்குத் தெரியாம அவங்க கையில குடுத்துரு!"

பச்சியப்பன் குழிக்குள் தலையை நீட்டினான்.

"அந்தப் பத்து ஏக்கரு?"

"ரெண்டு ஏக்கரு. எல்லாம் கல்லு."

"அடப்பாவி! அதுல என்னயப் பண்ணயத்துக்கு வெக்கறேன்னியேடா!" படுத்தபடியே சிரித்தான். "செத்தீனா நான் குடுக்கறேன். பொழச்சீனா நீயே குடு. இப்ப வாய மூடு, மண்ணு போகுது."

சாயங்காலம் பலகை வந்தது. நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து என்னைத் தூக்கினார்கள். மறுநாளே கடப்பாரை பிடித்தேன். வேறு எவன் பிடித்திருப்பான்? ஆனாலும் அதற்குப் பிறகு மூன்று வருஷம், கூடாரத்தில் படுத்தாலும் கப்பலின் அடித்தட்டில் படுத்தாலும், அந்த மணல் என் கழுத்தை விட்டு இறங்கவில்லை.

1945 கடைசியில் கணக்கிலிருந்த பணத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் பச்சியப்பன் தன் ஊருக்கு நடந்தான். நான் பஸ் ஏறினேன். வீட்டுக்குக்கூடப் போகாமல் நஞ்சம்மாளின் காட்டுக்குப் போனேன். கொள்ளுச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காட்டில் பெரிய கொழுந்தனார் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா" என்றாள். உடனே, "யாருக்காச்சும் சொன்னியா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஒருத்தனுக்குச் சொன்னேங்க்கா. கழுத்து வரைக்கும் மண்ணு மூடியிருந்துச்சு. நான் செத்துட்டா உங்களுக்கு யாரு குடுப்பாங்கன்னு..."

"அவன் எங்க?"

"மொரப்பூரு. இந்தப் பக்கம் வர மாட்டான்."

பெரிய கொழுந்தனார் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மாடுகளுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று, உள்ளங்கையை நீட்டினாள்.

"எண்ணு. வாய்விட்டு எண்ணாத."

முதல் தாளைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். "காயிதமா?"

"இப்ப இதாங்க்கா ரூவா."

ஊரே கேட்க எண்ணி வைக்க வேண்டும் என்று நாலு வருஷம் நினைத்திருந்தவன் நான். உதடு அசையாமல் ஒவ்வொன்றாக வைத்தேன், எண்பத்தைந்தாவது தாள் அந்தக் கைக்குப் போகும் வரை.