பூமி குலுங்கியபோது தூங்கியவள்

பூமி குலுங்கிய மறுநாள் காலை அந்தக் கட்டடத்தில் வீரர்களுக்குப் பஞ்சமே இல்லை. படிக்கட்டில் ஒருவர், தண்ணீர்க் குழாயடியில் இருவர் என்று ஆளாளுக்குத் தங்கள் தைரியத்தை அளந்துகொண்டிருந்தார்கள். நடந்தது எதுவும் தெரியாமல் தூங்கியவள் ஒருத்திதான், மூன்றாம் மாடித் தையல்காரி.

பள்ளிச் சீருடை மூட்டையை முடித்துக் கொடுத்துவிட்டு, கண் எரிச்சலோடு படுத்தவள் அவள். காலையில் மெஷின் மேல் கிடந்த சுண்ணாம்புத் தூளைப் பார்த்து, மேல் வீட்டில் ஆணி அடித்திருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே துடைத்தாள். அவள் தைத்த ரவிக்கையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டாலும் வெட்கப்பட வேண்டியதில்லை, தையல் அவ்வளவு சுத்தம். கூலியை அப்புறம் தருகிறேன் என்று சொல்லி வாங்கிப்போய் மறந்துவிடுகிறவர்களுக்கும் அதே தையல்தான். அப்படி மறக்கிறவர்கள்தான், அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதை மட்டும் மறக்காமல் தினமும் விசாரிப்பார்கள்.

அந்த விசாரிப்புக்கு முடிவு வரும்போலத்தான் இருந்தது. அதே மாடியில் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் அவளைப் பெண் கேட்டிருந்தார். மனைவியை இழந்தவர், நிதானமான பேச்சு. இவள் இருமினால் கேட்காமலே மாத்திரை கொண்டுவந்து நீட்டுவார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தாள். மனசு சரி என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. அதை அக்காவிடம் போனில் சொல்லியும் ஆயிற்று.

பூகம்பம் வந்த சேதியை அவளுக்கு முதலில் சொன்னவரும் அவரே.

"உன் கதவ எவ்வளவு நேரம் தட்டினேன் தெரியுமா? கை வலிச்சுப்போச்சு. எல்லாரும் எறங்கிப் போற வரைக்கும் உன் வாசல்லயேதான் நின்னேன்."

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒரு மனுஷன் தன் வாசலில் நின்றிருக்கிறான், தான் மரக்கட்டைபோலக் கிடந்திருக்கிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

சற்று நேரத்தில் நாலாம் மாடி வாத்தியார் ஒரு சட்டையோடு வந்தார். காலர் பாதி பிரிந்து தொங்கியது.

"ஆணியில மாட்டிக்கிச்சும்மா. ராத்திரி நான் பதறவே இல்ல, தெரியுமில்ல? கம்பிக் கதவுகிட்ட நின்னு எல்லாருக்கும் தைரியம் சொல்லிட்டிருந்தேன்."

"வெளிய போகாம கதவுகிட்ட எதுக்கு சார் நின்னீங்க?"

"அது வந்து... கூட்டம்." வாத்தியார் சட்டையை மெஷின் மேல் போட்டுவிட்டு நழுவினார்.

அவள் சட்டையைப் புரட்டிப் பார்த்தாள். ஆணி கிழித்தால் துணி கிழியும். இதில் துணி முழுசாக இருக்க, தையல் மட்டும் விட்டிருந்தது. பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்திருக்கிறார்கள்.

இழுத்தவள் இரண்டு நாள் கழித்துத் தானாகவே வந்து சேர்ந்தாள். நாலாம் மாடி அத்தை, ரவிக்கைத் துணியை நீட்டியபடியே ஆரம்பித்தாள். "நான் மட்டும் கத்தலேன்னா இந்தக் கட்டடத்துல ஒரு உசுரு எழுந்திருக்காது!"

"எங்க வாசல் வழியாத்தானே எறங்கினீங்க அத்தை? ஒரு தட்டு தட்டியிருக்கலாமே."

"உனக்கென்னடி, ஒண்டிக்கட்டை. புள்ளையா குட்டியா? ஓடி வந்துருவேன்னு நெனச்சேன்."

"எதிர்வீட்டுக்காரரு ரொம்ப நேரம் தட்டினாராம். எனக்குத்தான் கேக்கல."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பூகம்பத்து ராத்திரிகூட அவள் அவ்வளவு குலுங்கியிருக்க மாட்டாள். "தட்டினாரா? உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் எல்லாரும் பேசி வெச்சோம். நல்ல காரியம் கெடக்கூடாது பாரு. ஆனா எனக்கு வயித்துல நிக்காதுடி."

வண்டித் திருட்டுக்குப் பயந்து படிக்கட்டின் கீழே கம்பிக் கதவு போட்டிருந்தார்கள். இரவில் அதற்குப் பூட்டு. நகல் சாவிக்குப் பணம் தர எந்த வீட்டுக்கும் மனம் வராததால் சாவி ஒன்றுதான். விடியும் முன்பே நடைப்பயிற்சிக்குப் போகிறவர் என்பதால் அது மருந்துக்கடைக்காரரிடம் இருந்தது. தினமும் திறந்து வெளியே போய், கம்பிக்குள் கைவிட்டுப் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொள்வார். குலுங்கியதும் முதல் ஆளாக ஓடியவர், பழக்கதோஷத்தில் அதையே செய்துவிட்டார். நாலு மாடிச் சனமும் உள்ளே. அவர் மட்டும் தெருக்கோடியில்.

"நாங்க கத்தின கத்து ஊருக்கே கேட்டுது, அவருக்குக் கேக்கல. எல்லாம் அடங்கின பெறகு மெதுவா வந்து, 'என்ன, யாரும் வரலையா?'ன்னு கேக்கறாருடி! இந்த வாத்தியார் என்னைத் தள்ளிட்டு முன்னாடி போகப் பாத்தாரு, விடுவேனா? காலரப் புடிச்சு ஒரே இழுப்பு!"

கதவுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டபோதுகூட, மூன்றாம் மாடிக் கதவு திறக்கவில்லையே என்று ஒருவரும் நினைக்கவில்லை. அதை அத்தை சொல்லவில்லை. தையல்காரி கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரர் தலைக்கு மை பூசி, இஸ்திரிச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். சரிப்படாது என்றாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"யாரோ வத்தி வெச்சுட்டாங்க. பயத்துல கை தன்னால பூட்டிடுச்சு. அதுக்குன்னு..."

"பூட்டினதுக்கு இல்லீங்க. பயம் யாருக்கு இல்ல? நான் முழிச்சிருந்தா உங்களுக்கு முன்னாடி ஓடியிருப்பேன். கதவத் தட்டினேன், கை வலிச்சுதுன்னு என் மூஞ்சியப் பாத்து சொன்னீங்களே. நானும் அத நம்பி ரெண்டு நாள் சந்தோஷமா இருந்தேன்."

அவர் தலை குனிந்தார். வெட்கப்படுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"வெளிய யாராவது கேட்டா, நான்தான் வேண்டாம்னுட்டேன்னு சொல்லிக்கவா? நாலு பேரு வந்து போற கடை பாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஆளுக்காகவா மூன்று புடவையை எடுத்துப் பார்த்து மடித்து வைத்தோம் என்று இருந்தது.

"தாராளமா சொல்லிக்குங்க."

சாயங்காலத்துக்குள் சேதி நாலு மாடியும் ஏறி இறங்கிவிட்டது. தைக்கக் கொடுத்த ரவிக்கைக்கு அளவு தர வந்த அத்தை, முகத்தை நீட்டி வைத்துக்கொண்டு வாசலிலேயே ஆரம்பித்தாள். "உன்ன வேண்டாம்னுட்டாராமே! இடிஞ்சு போயிடாதடி. எங்க சொந்தத்துல ஒருத்தர் இருக்காரு, வயசு கொஞ்சம்..."

"கையத் தூக்குங்க அத்தை," என்றாள் தையல்காரி, அளவு நாடாவை உதறிக்கொண்டே. "வாயையும் மூடிக்கிட்டா அளவு சரியா வரும்."