தம்பிராஜாவின் ஐம்பது வெள்ளித் தேனிலவு

காஜா பெராங்கில் தம்பிராஜாவை நேரில் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் அவர் பேனாவுக்குக் கட்டுப்படாத பஸ் மலாக்காவில் ஒன்றுகூடக் கிடையாது. பஸ் கம்பெனி ஒன்றில் நேர அட்டவணை எழுதுவது அவர் உத்தியோகம். பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் போகும் பஸ் காலை ஆறு ஐம்பதுக்குக் கிளம்புகிறதென்றால், தம்பிராஜா எழுதியதால் கிளம்புகிறது. அது ஏழு பத்துக்குக் கிளம்பினால் அது டிரைவரின் ஒழுக்கக்கேடு. அட்டவணையின் பிழை அல்ல. பதினோரு வருடமாக ஊரையே வழியனுப்பி வைத்த அந்த மனிதர், தாம் மட்டும் பக்கத்து ஊரான தம்பினைத் தாண்டிப் போனதில்லை. முப்பத்திரண்டு வயதுவரை அதற்கு அவசியமும் வரவில்லை.

1958 ஏப்ரலில் வந்தது. அவசியத்தின் பெயர் கோகிலா.

செமாபோக்கிலிருந்து கோகிலா மணமுடித்து வந்து பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. அந்தப் பதின்மூன்று நாளில் கணவனும் மனைவியும் தனியாகப் பேசிய சொற்கள் மொத்தம் பதினேழு என்பது தம்பிராஜாவின் கணக்கு. அவற்றில் நான்கு, 'ம்'.

வீடு அப்படி. அம்மா பாக்கியலட்சுமி, அக்கா பொன்னம்மா, அக்காள் கணவர் நல்லையா, அவர்களுடைய பிள்ளைகள் ஐந்து பேர், இப்போது புதுத் தம்பதி. இத்தனை பேருக்கும் மூன்று அறை. அறைகளைப் பிரித்த பலகைச் சுவர், காற்று வரட்டும் என்ற நல்லெண்ணத்தில் கூரைக்கு மூன்றடி கீழேயே நின்றுவிட்டது. காற்று அந்த வழியை அவ்வளவாகப் பயன்படுத்தவில்லை. பேச்சுதான் தாராளமாகப் போய்வந்தது. ஒருநாள் காலை தம்பிராஜா மனைவியின் பக்கம் குனிந்து, "தலைவலியா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"இல்ல மச்சான், லேசா வாயு," என்று சுவருக்கு அப்பாலிருந்து நல்லையா பதில் சொன்னார்.

நாடு அப்போது சுதந்திரம் வாங்கி எட்டு மாதம். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசியே வாங்கிவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. பேசுவதற்கு ஓர் இடம் மட்டும் கிடைத்தால் மனிதன் எதைத்தான் சாதிக்கமாட்டான் என்று தம்பிராஜா பெருமூச்சு விட்டார். பத்திரிகையின் அதே பக்கத்தில், தேனிலவு என்ற புது ஏற்பாட்டைப் பற்றியும் போட்டிருந்தது. தீவு, தென்னை, இரண்டே பேர். மூன்றாவது ஆள் வந்துவிடாதபடி நாலா பக்கமும் தண்ணீர். இதைக் கண்டுபிடித்தவனும் பலகை வீட்டில் வாழ்ந்தவனாகத்தான் இருக்கவேண்டும் என்று அவருக்குப் பட்டது.

செலவு ஐம்பது வெள்ளியைத் தாண்டக்கூடாது என்று முடிவு செய்தார். பினாங்குக்கு ரயில், ஃபெர்ரி, ஓட்டல் எல்லாம் சேர்த்து நூற்று அறுபத்தெட்டு வந்தது. அந்தத் தாளைக் கௌரவமாக மடித்து வைத்துவிட்டார். சிங்கப்பூரும் தீவுதான். ஆனால் அங்கே ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள் ஆறு பேர். ஆறு வீட்டிலும் சாப்பிட்டு, ஆறு வீட்டுக்கும் பழத்தட்டு வாங்கினால் அது தேனிலவு அல்ல, மறுவீட்டு விருந்து. மிஞ்சியது கண்ணெதிரே கடலில் இருந்த பூலாவ் பெசார் தீவு. உம்பாய் கடற்கரை வரை பஸ், அங்கிருந்து படகு, மீனவர் ஒருவரின் குடிசையில் இரண்டு இரவு. மொத்தம் முப்பத்தொரு வெள்ளி நாற்பது காசு. படகுக்கு அன்றே முன்பணம் கட்டி, மூன்று நாள் லீவும் எழுதிக் கொடுத்துவிட்டு, கம்பெனித் தாளிலேயே அட்டவணை போட்டார்.

'7.10 காஜா பெராங் புறப்பாடு. 8.30 படகு. 9.20 தீவு. 9.20–10.00 இளைப்பாறுதல். 10.00–12.00 பேசுதல். 12.00–12.45 சாப்பாடு. 12.45–4.00 பேசுதல் (தொடர்ச்சி).'

அடியில், பழக்கதோஷத்தால், 'தாமதம் நேர்ந்தால் பயணிகள் பொறுத்துக்கொள்ளவும்' என்றும் எழுதினார்.

திட்டம் பழுதற்றது. அதில் ஒரே ஒரு பொருளை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை: மலாக்காக்காரர்களின் மூளை.

"பூலாவ் பெசாருக்கா? என்னடா நேர்த்திக்கடன்?" என்றார் பாக்கியலட்சுமி.

"கடன் ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான்."

"சும்மா எவன்டா அங்க போவான்?"

நியாயமான கேள்வி. அந்தத் தீவில் பெரியவர் ஒருவரின் அடக்கத்தலம் இருக்கிறது. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பேதமில்லாமல் எல்லாரும் வேண்டிக்கொள்ளவும், வேண்டியதைச் செலுத்தவும் படகேறுவார்கள். தென்னையைப் பார்க்க யாரும் போனதாகச் சரித்திரம் இல்லை; தென்னை வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. மாலைக்குள் அடுத்த வீட்டு அஞ்சலை பாக்கியலட்சுமிக்கு ஆறுதல் சொல்ல வந்துவிட்டாள்.

"மனசத் தளர விடாதீங்கக்கா. என் நாத்தனாளுக்கும் ஏழு வருஷம் கழிச்சுத்தான் புள்ள பொறந்துச்சு."

கல்யாணமாகி அன்றோடு பதினான்கு நாள். தேனிலவு என்ற சொல்லைத் தாயார் முன்னிலையில் உச்சரிக்கும் துணிவு தம்பிராஜாவுக்கு இல்லை. ஆகவே, "சரி, நேர்த்திக்கடன்தான்," என்று ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டதுதான் தாமதம், எல்லாருடைய பாக்கியும் வெளியே வந்தது. அம்மாவுக்கு ஜப்பான்காரன் காலத்து வேண்டுதல் ஒன்று நிலுவை. பொன்னம்மாவுக்கு மூத்தவனின் காய்ச்சலுக்காக ஒரு சேவல். நல்லையாவுக்கும் ஏதோ இருந்தது. லாட்டரி சம்பந்தமானது என்பதால் விவரம் சொல்லவில்லை.

"படகு ரெண்டு பேருக்கும் பத்து வெள்ளி, பன்னெண்டு பேருக்கும் பத்து வெள்ளின்னு நீதானடா சொன்ன?" என்றாள் பொன்னம்மா. "பத்து இடத்தை வீணாவா விடுவ?"

வாழ்நாள் முழுக்கக் காலி இருக்கைகளை எதிர்த்துப் போராடிய மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது? தம்பிராஜாவால் தம் கணக்கையே மறுக்க முடியவில்லை. தலைக்கு என்ன செலவு குறையும் என்று போட்டுப் பார்த்தபோது, வெட்கக்கேடு, ஒரு கணம் சந்தோஷம்கூடப் பட்டார். வீட்டார் பத்துப் பேர், அஞ்சலை பதினொன்று, பன்னிரண்டாவது இடம் சேவலுக்கு. புது அட்டவணையில் 'பேசுதல்' 3.40–3.45 என்று சுருங்கியது.

புறப்படுவதற்கு முதல் நாள் மத்தியானம், ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கோகிலா மெல்ல வாயைத் திறந்தாள்.

"ஒண்ணு சொல்லணும், அத்தை. தாலி ஏறி நாப்பத்தெட்டு நாளைக்குள்ள பொண்ணு கடல் தாண்டக்கூடாதுன்னு எங்க செமாபோக் பக்கம் வழக்கம். உங்களுக்குத் தெரியாததா?"

சோற்றுக்கைகள் அப்படியே நின்றன. யாரும் கேள்விப்படாத வழக்கம் அது. ஆனால் தெரியாததா என்று கேட்டபிறகு தெரியாது என்று சொல்ல, அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

"ஏன் தெரியாது? எங்க காலத்திலயும் அதேதான்," என்றார் பாக்கியலட்சுமி.

"சில பேர் தொண்ணூறு நாள்னும் சொல்வாங்க," என்றார் நல்லையா.

வாசலில் நின்ற அஞ்சலை, செங் ஊர்ப் பக்கத்தில் ஒருத்தி மீறிப் போய்க் கால் சுளுக்கிக்கொண்டதற்கு ஆதாரமே வைத்திருந்தாள்.

"அப்ப நான் மட்டும்..." என்று தம்பிராஜா ஆரம்பித்தார்.

"புதுப் பொண்டாட்டிய ஒத்தையில விட்டுட்டா? நல்லாருக்கு," என்றார் அம்மா. "நீ இரு. கட்டின பணம் வீணாப் போவக்கூடாது, நாங்க போயிட்டு வர்றோம்."

தம்பிராஜா கை கழுவ எழுந்தார். தீவு கைவிட்டுப் போனதுகூடப் பெரிதல்ல. தன்னோடு வர அவளுக்கு மனமில்லை என்றல்லவா ஆகிறது? ஐந்து நிமிடமாவது கிடைத்திருக்கும். அதைக்கூட அவள் விரும்பவில்லை. அன்று பிற்பகல் முழுதும் அவர் அட்டவணை எதையும் திருத்தவில்லை. கம்பெனி அறிந்தவரை அது முதல் முறை.

மறுநாள் ஒன்பது பேரும் ஒரு சேவலும் ஏழு பத்து பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் திரும்பி மறைந்ததும் கோகிலா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, நடுக்கூடத்தில் நின்று வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"மூணு நாள். தீவுல மட்டும் இத்தனை அமைதி கிடைச்சிருக்குமாங்க?" என்றாள்.

தம்பிராஜா தாழ்ப்பாளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உங்க ஊர்ல நிஜமாவே அப்படி வழக்கம் இருக்கா?"

"செமாபோக் இங்கேருந்து நாலஞ்சு மைலு. அங்க மட்டும் தனியா ஒரு வழக்கம் இருக்குமா?"

அவர் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்தில் அவருக்குள் இருந்த அதிகாரி மேலே வந்தார்.

"அப்ப அம்மாகிட்ட பொய் சொல்லியிருக்க."

"நீங்க நேர்த்திக்கடன்னு சொன்னது?"

"அது நிர்வாகக் காரணம்."

"தேனிலவு பத்திப் பேப்பர்ல நானும்தான் படிச்சேன். ஒம்பது பேரைக் கட்டி இழுத்துக்கிட்டுத் தேனிலவு போகப் பாத்தீங்களே, அது?"

"அது சிக்கனம்."

"சிக்கனமாம்," என்றாள் கோகிலா. அவள் குரல் உயர்ந்தது. செமாபோக் வரை கேட்கக்கூடிய நல்ல, முழுமையான குரல். தம்பிராஜாவும் தம் குரலை உயர்த்தினார். அவருக்கும் ஒன்று இருந்தது. அதை அவரே அன்றுதான் கேட்டார். சிக்கனத்தில் தொடங்கிய சண்டை அவருடைய மீசைக்கு வந்தது. மீசையிலிருந்து அவள் ரசத்துக்குப் போடும் புளிக்குப் போனது. புளியில் அவள் பிடிவாதமாக நின்றாள். அவர் நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். பழைய அட்டவணையில் 'பேசுதல்' தொடங்கும் பத்து மணிகூட ஆகவில்லை, இருவரும் அவசரப்படவில்லை.