ஷெட்டுக்குள் வைத்த கரி

பாளையம்பட்டியை ஒட்டி, மெயின் ரோட்டு மேலேயே எங்கள் ஷெட் இருக்கிறது. என் வீட்டுக்காரர் வேன், லாரிகளுக்குத் தகர வேலையும் பெயிண்ட் வேலையும் செய்கிறார். என் தம்பி அவருக்குக் கூட்டாளி. வண்டியின் பக்கவாட்டில் பெயரும் ஊரும் எழுதிக் கொடுப்பது நான். இரண்டு லாரிகளை அடுத்தடுத்து நிறுத்தினாலும் சுற்றி நடக்க இடம் இருக்கும், அவ்வளவு பெரிய ஷெட். மேலே வெறும் தகரம். வருஷத்தில் முக்கால்வாசி நாள் உள்ளே நிற்க முடியாத வெக்கை. அந்த ஷெட்டைச் சூடாக்க நாங்கள் வழி தேடி அலைந்தோம் என்றால் எங்கள் ஊர்க்காரர்களே நம்ப மாட்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் காற்றில் ஈரம் ஏறிவிடும். அந்த ஈரத்தில் அடித்த பெயிண்ட் சீக்கிரம் காயாது. காய்ந்தாலும் பளபளப்பு போய், மாவு தூவியதுபோல் வெள்ளையாகப் பூத்துவிடும். பூத்ததைத் தேய்த்தெடுத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. பள்ளிக்கூட வேன் ஒன்று இரண்டு தடவை பூத்துப்போய் நின்றது. ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டிய வண்டி என்பதால் பள்ளிக்கூடத்தில் இருந்து தினமும் போன் வந்தது.

பெரிய ஊர்களில் வண்டியை உள்ளே விட்டுச் சூடேற்றிக் காயவைக்கும் அறையே கட்டியிருக்கிறார்கள். அது எங்கள் சக்திக்கு மீறியது. கரண்ட் ஹீட்டர் வைக்கலாமா என்று தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து காட்டினோம். இவ்வளவு பெரிய இடத்துக்கு வைத்தால் எங்கள் லைன் தாங்காது என்று அவர் கையை விரித்துவிட்டார். தம்பி பெரிய ஃபோகஸ் லைட் இரண்டு வாங்கிவந்து மாட்டிப் பார்த்தான். வெளிச்சம் விழுந்த இடம் மட்டும் காய்ந்தது. கேஸ் அடுப்பு என்ற பேச்சை எடுத்ததுமே என் வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். தின்னர் ஆவி சுற்றுகிற இடத்தில் சிலிண்டரா என்றார்.

கரி என்று சொன்னது யார் என்பது எனக்கு நினைவில்லை. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கலாம். நான் பிறந்தது திருச்சுழிப் பக்கம். சீமைக்கருவேலத்தை வெட்டி, மண் போட்டு மூடி, மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற ஊர். என் அப்பாவும் அம்மாவும் அந்த வேலைக்குப் போய்த்தான் எங்களைப் படிக்கவைத்தார்கள். கரியைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். கிடைப்பதிலேயே மலிவானதும் அதுதான்.

என் வீட்டுக்காரர் பயந்தது நெருப்புக்கு மட்டும். அதனால் எல்லாவற்றையும் யோசித்துச் செய்தார். தின்னர் டின்களை வெளியே சுவரோரம் இறக்கியிருந்த சாய்ப்புக்கு மாற்றினார். மணல் வாளிகளைக் கதவோரம் வைத்தார். பழைய இரும்புப் பேரல் ஒன்றை இரண்டாக வெட்டி, அதில் கரியைப் போட்டு ரோட்டோரத்திலேயே பற்றவைத்து, புகை முழுக்க அடங்கிக் கரி கனிந்த பிறகுதான் கம்பி கோத்து உள்ளே தூக்கிவருவார்கள். ஷெட் சூடானதும் வெளியே எடுத்துவிட்டுத்தான் பெயிண்ட் அடிப்பார்கள். அடித்தது ஆறி, வாடை போன பிறகு மறுபடி உள்ளே வைப்பார்கள். முதல் நாளே வேனின் ஒரு பக்கம் கண்ணாடிபோல் வந்தது. தம்பி அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டான்.

மூன்றாம் நாள் மழையோடு காற்றும் சேர்ந்துகொண்டது. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த சந்து வழியாகச் சூடெல்லாம் போகிறது என்று, காலையில் மூவரும் சேர்ந்து அந்தச் சந்துகளில் சாக்கைத் திணித்து அடைத்தோம். கனிந்த கரியை உள்ளே வைத்து, ஷட்டரைத் தரை வரைக்கும் இறக்கினோம். உள்ளே கதகதப்பாக, சுகமாக இருந்தது. வேனின் பின்பக்கம் பள்ளத்தை நிரப்பப் பட்டி போட்ட இடத்தைத் தம்பி தேய்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தலை கனத்தது. பசி என்று நினைத்து, சாப்பாடு எடுத்துவரேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ஷட்டரை இறக்கிக்கொண்டார்.

தூக்குச்சட்டியோடு திரும்பி வந்தபோது ஷெட்டில் சத்தமே இல்லை. ஷட்டரைத் தட்டினேன். கூப்பிட்டுப் பார்த்தேன். வேலை முடித்துத் தூங்குகிறார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. கீழே கையைக் கொடுத்துத் தூக்கினேன். சூடான காற்று முகத்தில் வந்து மோதியது. புகை இல்லை. எந்த வாடையும் இல்லை.

ஷட்டருக்குப் பக்கத்திலேயே என் வீட்டுக்காரர் குப்புறக் கிடந்தார். வலது கை ஷட்டரைப் பார்த்து நீண்டிருந்தது. தம்பி வேன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தேய்க்கிற தாள் அவன் கையிலேயே இருந்தது. முகம் நல்ல சிவப்பாக, வெயிலில் ஓடிவந்தவன் முகம்போல் இருந்தது.

கரண்ட் அடித்துவிட்டது என்று நினைத்தேன். தொட்டால் எனக்கும் அடிக்கும் என்று கை பின்னால் போய்விட்டது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். பிறகு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவரை வாசல் வரைக்கும்தான் என்னால் இழுக்க முடிந்தது. தம்பி ஆள் கனம். அவனை அசைக்கக்கூட முடியவில்லை. எனக்கே கால் துவண்டது. ரோட்டுக்கு ஓடி, வந்துகொண்டிருந்த டவுன் பஸ்ஸுக்குக் குறுக்கே நின்றேன்.

டிரைவர் திட்டிக்கொண்டேதான் இறங்கினார். என் பின்னால் வாசலில் கிடந்தவரைப் பார்த்ததும் பஸ் பக்கம் திரும்பி ஆட்களைக் கூப்பிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். நாலைந்து பேர் உள்ளே போய்த் தம்பியைக் கை காலைப் பிடித்துத் தூக்கிவந்து மழையில் கிடத்தினார்கள். தண்ணீர் முகத்தில் விழுந்ததும் என் வீட்டுக்காரர் லேசாக முனகினார். தம்பியிடம் அசைவே இல்லை. மூச்சு மட்டும் இருந்தது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று கண்டக்டர் சொல்ல, இருவரையும் பஸ்ஸிலேயே ஏற்றினார்கள். எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் பஸ் நேராக ஆஸ்பத்திரிக்குள் போய் நின்றது. என் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்த அந்தப் பெண் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் இருந்தார். கரண்ட் அடித்துவிட்டது என்று நான் சொன்னேன். கரண்ட் தீய்த்த தடம் இருக்கிறதா என்று அவர் இருவரின் உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"உள்ள ஏதாவது எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சா?"

"ஒண்ணும் எரியலம்மா. பெயிண்ட் காயறதுக்குக் கரி மட்டும்தான் வச்சிருந்தாக."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். உடனே திரும்பி, இருவருக்கும் ஆக்ஸிஜன் வைக்கச் சொன்னார். எனக்கும் வைத்தார்கள். அடைத்த இடத்தில் கனிந்த கரி, புகை விடாமலே விஷவாயு விடும் என்று பிறகு விளக்கினார். அது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

நான் கேட்டேன். "புகை அடங்கின பெறகுதானம்மா உள்ள கொண்டுபோனோம்?"

"அதனாலதான் உங்களுக்குத் தெரியல" என்றார்.

கரியில் பிழைத்த குடும்பம் நாங்கள். ஆனால் எங்கள் கரியெல்லாம் திறந்த வெளியில் காற்றோடு போனது. நான்கு சுவருக்குள் அதை வைத்து, சாக்கைத் திணித்து அடைத்தவர்கள் நாங்கள்தான் முதல்.

என் வீட்டுக்காரர் அன்று மாலையே எழுந்து உட்கார்ந்தார். தலை சுற்றியதும் ஷட்டரைத் திறக்க எழுந்தாராம். நான்கு எட்டு வைப்பதற்குள் கால் அவர் சொன்னதைக் கேட்கவில்லையாம். தம்பியை மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே கண் விழித்தவன் என்னைப் பார்த்து அக்கா என்றான். அப்புறம் வேன் காய்ஞ்சிருச்சா என்று கேட்டான். பதில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அதையே மறுபடி கேட்டான். அன்றைக்கெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தான். பிழைத்துவிட்டான் என்று வந்த சந்தோஷம் அதைக் கேட்கக் கேட்க வடிந்தது. மெல்ல மெல்லத்தான் தேறினான். இப்போது பழையபடி வேலை செய்கிறான். பெயர்கள் மட்டும் சட்டென்று வருவதில்லை.

ஷெட்டைச் சூடாக்கும் வழி அதற்குப் பிறகுதான் சரியாக அமைந்தது. தம்பி மதுரையில் இருந்தபோதே என் வீட்டுக்காரர் அதை யோசித்திருக்கிறார். நெருப்பு இப்போது ஷெட்டுக்கு வெளியே, தின்னர் டின்களுக்கு எதிர்மூலையில், திறந்த வெளியில் எரிகிறது. விறகு அடுப்பின் மேல் ஒரு பேரல் தண்ணீர். சுடுதண்ணீரைச் சின்ன மோட்டார் உள்ளே தள்ளும். உள்ளே அந்தத் தண்ணீர் ஓடப் பழைய லாரி ரேடியேட்டர் ஒன்றை நிறுத்தி, சூட்டை வண்டிப் பக்கம் தள்ள அதன் பின்னால் ஃபேன் வைத்திருக்கிறார். முழு ஷெட்டையும் சூடாக்காமல், வேலை நடக்கும் வண்டியைச் சுற்றி மட்டும் தார்ப்பாய் கட்டிவிடுகிறோம். விறகு அதிகம் ஆவதில்லை. பெயிண்டும் பூப்பதில்லை. ஆனாலும் ஷட்டரை முழுதாக இறக்க நான் விடுவதில்லை. சூடு வீணாகப் போகிறது என்று அவரும் சொல்வதில்லை.

தம்பி முதன்முதலாக ஷெட்டுக்குத் திரும்பி வந்த அன்று, தான் எங்கே கிடந்தான் என்று காட்டச் சொன்னான். இடத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றான்.

"கஷ்டமா இருந்துச்சாடா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. தூக்கம் வந்துச்சு. நல்லா இருந்துச்சு."

அவன் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஸ்ப்ரே கன்னைக் கழுவப் போய்விட்டான். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.