எழுதியவர் பெயர் இல்லாத பாட்டுகள்

மேலகரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில்தான் எனக்கு வேலை. இந்தப் பக்கத்துப் பாடகர்கள் பதிவு செய்து தரும் பாட்டுகளை இணையத்தில் ஏற்றிக் கொடுப்பேன். பாட்டோடு அதன் தலைப்பு, பாடியவர், எழுதியவர், மொழி என்று சில விவரங்களும் சேர்ந்து போக வேண்டும். மெட்டாடேட்டா என்போம். அது பிசகினால், பாட்டு இருந்தும் யார் கண்ணிலும் படாது.

போன அருவி சீசன் சமயம் தென்காசியிலிருந்து ஓர் அக்கா வந்தார். ஐந்தருவிக்குப் போகும் கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டதால் பஸ்ஸை விட்டு இறங்கி, சாரலில் நனைந்தபடி நடந்தே வந்திருந்தார். முஸ்லிம் கல்யாண வீடுகளில் பாடுகிறவர். கணவர் சவுதியில் லாரி ஓட்டுகிறார். அக்காவின் பாட்டுகளை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் ஏற்றியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு விதமாகப் பெயரை எழுதிவைத்ததில், ஒரே அக்கா பல பாடகிகளாகச் சிதறிக் கிடந்தார்.

“போன்ல எம் பேரச் சொல்லித் தேடுனா வேற எவளோ பாடுதா, தங்கச்சி. நான் எங்கன போனேன்னே தெரியல” என்றார்.

பாட்டு ஏற்ற நான் கணக்கு வைத்திருந்த கம்பெனி அப்போதுதான் ஏபிஐ என்று ஒரு வசதி கொடுத்திருந்தது. ஏஐ ஏஜென்டே நேராக உள்ளே போய்ப் பாட்டுகளின் விவரங்களைப் பார்க்கலாம், திருத்தலாம். அதுவரை நான் ஒவ்வொரு பாட்டாகத் திறந்து கையால் அடித்துக்கொண்டிருந்தவள். அரை நம்பிக்கையோடு ஏஜென்டுக்குத் தமிழிலேயே எழுதினேன்: ‘இவருடைய பாட்டுகளை எல்லாம் தேடி எடு. பெயரை ஒரே மாதிரி ஆக்கு. தலைப்புகளில் பிழை இருந்தால் திருத்து. எதையும் மாற்றுவதற்கு முன்னால் என்னிடம் காட்டு.’

நான் கொடுத்த துண்டால் அக்கா தலையைத் துவட்டி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அக்காவின் பாட்டுகள் எல்லாம் வரிசையாக நின்றன. கூடவே, தலைப்பே இல்லாமல் ‘டிராக் ஒன்று’ என்று மட்டும் கிடந்த ஒன்றையும் அது எடுத்து வைத்திருந்தது. ‘மற்றவற்றோடு சேர்ந்து ஏற்றப்பட்டிருப்பதால் இதுவும் இவருடையதாக இருக்கலாம். உறுதியாகத் தெரியவில்லை. கேட்டுச் சொல்லுங்கள்’ என்றது.

போட்டேன். மாப்பிள்ளையைக் கேலி செய்யும் பாட்டு. இரண்டாவது வரியிலேயே அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“அல்லாவே! இது தொலஞ்சே போச்சுன்னுல்லா இருந்தேன்!”

கடைசியில் ஏஜென்ட் ஒரு கேள்வி கேட்டது. ‘எழுதியவர் என்ற இடம் எல்லாப் பாட்டிலும் காலியாக இருக்கிறது. பாடியவரே எழுதினாரா, வேறு ஒருவரா? எனக்குத் தெரியாததால் நிரப்பவில்லை.’

வாசித்துக் காட்டினேன். அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டார்.

“எல்லாம் எங்க வீட்டுக்காரவுக எழுதினது. லாரிய ஓரங்கட்டிட்டு வாய்ஸ்ல பாடி அனுப்புவாவ. பேரு போடக் கூடாதுன்னுட்டாவ. லாரி ஓட்டுதவன் பாட்டு எழுதுதானான்னு ஊர்ல சிரிப்பானுவளாம்.”

“இப்ப கேட்டுப் பாருங்களேன்க்கா.”

அங்கேயே கணவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

“ஏங்க, இங்கன கம்ப்யூட்டரு உங்க பேரக் கேக்குது.”

“எம் பேரையா? அதுக்கு யாரு சொன்னா?”

“ஒருத்தரும் சொல்லல. பாட்டு எழுதினது யாருன்னு அதுவாக் கேக்குது.”

அந்தப் பக்கம் வண்டிகள் இரைந்து கடந்தன.

“இத்தன வருசத்துல ஒரு மனுசனும் கேக்கலியே” என்றார் கணவர். பிறகு, “சரி, போடச் சொல்லு. இனிஷியல விட்ராத. வாப்பா பேருல்லா அது.”

பெயரை இனிஷியலோடு அடித்துக் கொடுத்து, மாற்றலாம் என்றேன். திரையில் காலியிடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பின. எனக்கு அதன் வேகம் பெரிய விஷயமாகப் படவில்லை. தெரியாத இடத்தில் ஒரு பெயரை இட்டு நிரப்பாமல், நின்று கேட்டதே, அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து அக்கா மறுபடி வந்தார். கணவர் அனுப்பிய வீடியோ ஒன்றைக் காட்டினார். லாரியின் ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டிய போனில் அந்தக் கேலிப் பாட்டு ஓடுகிறது. கீழே அவர் பெயர் இனிஷியலோடு நகர்ந்து போகிறது. கண்ணாடிக்கு அப்பால் வெறும் மணல். பக்கத்து சீட்டில் யாரோ மலையாளி இருக்க வேண்டும்.

“இது நீயாணோ?” என்று ஒரு குரல் கேட்கிறது.

பாட்டில் ஒரு முழு வரி ஓடி முடிகிறது. பிறகு, மெதுவாக, கணவரின் குரல்: “ஆமா.”

அக்கா அந்த ‘ஆமா’ வரும் இடத்துக்கே வீடியோவைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்து எனக்குப் போட்டுக் காட்டினார்.