மீசை வைத்த குரங்கு

குற்றாலத்தில் குரங்கின் தலையில் கட்டாத பழி கிடையாது. விடுதியில் சோப்பு காணாமல் போனால் குரங்கு. பழக்கடையில் எடை குறைந்தால், வழியில் குரங்கு எடுத்திருக்கும். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒருவர் மோதிரத்தை எங்கோ தொலைத்துவிட்டு, மாமனாருக்குப் போன் போட்டுக் குரங்கின் மேல் சொல்லித் தப்பித்ததும் உண்டு. அதனால் என் முதுகிலும் கெண்டைக்காலிலும் இருந்த தடிப்புகளைக் காட்டி, பால்வாடி டீச்சர் இது என்ன என்று கேட்டபோது, வீட்டில் அம்மா சொல்லித் தந்தபடி நானும் குரங்கு என்றே சொன்னேன்.

எனக்கு அப்போது ஐந்து வயது நிறையவில்லை. அடித்தது அப்பா.

அப்பா அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். உச்சந்தலையில் தொடங்கி உள்ளங்கால் வரை பிடித்துவிடுவார். பெரிய பெரிய தொந்திக்காரர்கள் அவர் கைக்கடியில் பச்சைப்பிள்ளை போலக் கண்ணை மூடிக் கிடப்பார்கள். மெட்ராஸிலிருந்து வருகிறவர்கள் அந்தக் கைக்காகவே காத்திருந்து காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்களுக்கு இலவசம்.

சாரல் அடிக்கிற மாதங்களில் அது நல்ல கை. அருவி வற்றிவிட்டாலோ, வெள்ளம் வந்து குளிக்கக்கூடாது என்று தடை போட்டுவிட்டாலோ அதற்கு வேலை இருக்காது. சாயங்காலம் குடித்துவிட்டு வருவார். கஞ்சியைச் சிந்தினேன், செருப்பைத் தொலைத்தேன், சிரித்தேன், சிரிக்கவில்லை என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அவரை அவருடைய அப்பா மாட்டுச் சாட்டையால் அடித்து வளர்த்தாராம். தான் வெறும் கம்பு மட்டுமே எடுப்பதால், தன்னை இளகின மனசுக்காரர் என்று அவர் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அதிலும் நான் ஒழுங்காகப் போன இடம் பால்வாடி ஒன்றுதான். டீச்சர் தென்காசியிலிருந்து பஸ்ஸில் வருவார். தெருக்கோடி வரை கேட்கிற குரல். மதியம் உட்கார்ந்தபடியே கண் அசருவார். குரங்கைக் கண்டால் பிள்ளைகளுக்கு முன்னால் அவர் உள்ளே ஓடிவிடுவார். மாதம் ஒருமுறை எங்கள் சட்டையைக் கழற்றி எடை போடுவார். அப்படித்தான் என் முதுகைப் பார்த்தது.

"பெறாண்டுச்சாலே, கடிச்சுதா?" என்றார்.

அம்மா இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தரவில்லை. நானாக யோசித்தேன்.

"கம்பால அடிச்சுது."

"குரங்கு கம்பு வச்சிருந்துதோ?"

"ஆமா டீச்சர். பெரிய குரங்கு."

"மீசை உண்டா?"

"உண்டு."

"எப்பம்லே வரும்?"

"சாரல் இல்லன்னா வரும். இருட்டுன பொறவு."

"அம்மையையும் அடிக்குமோ?"

"எப்பவாது. அப்பம் அம்மை என்னையக் கட்டிலுக்கு அடியில தள்ளி உட்ருவா."

டீச்சர் எடை முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பொய்யை இத்தனை விவரத்தோடு சொல்லி ஒரு பெரிய மனுஷியை நம்பவைப்பது லேசான காரியமா?

அன்று சாயங்காலமே டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா, சுரண்டையிலிருந்த தன் அண்ணன் வீட்டுக்கு ஒரேயடியாகப் போய்விடுவது என்று துணிகளை மூட்டை கட்டி, அப்பா கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்த நேரம் அது. டீச்சரைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. டீச்சர் தரையில் வசதியாகக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, இந்தப் பக்கம் ஒரு மீசைக்காரக் குரங்கு கம்போடு அலைவதாகவும், அது பிள்ளைகளை அடிப்பதாகவும் அப்பாவிடம் விலாவாரியாகச் சொன்னார். அப்பா தன் மீசையைத் தடவப் போய்ப் பாதியில் கையை இறக்கினார்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் டாக்டர் என்ன காயம் என்று பார்த்து எழுதுவார், ஊசி போடுவார் என்றார் டீச்சர். ஊசி என்றதும் நான் அழத் தொடங்கினேன். இனி ஒரு புதுத் தடிப்பைப் பார்த்தால் நானும் மேலிடத்துக்கு எழுதிவிடுவேன், ஆபீஸிலிருந்து ஆள் வரும், போலீஸும் வரும் என்றார். ஒரு குரங்குக்கா போலீஸ் வரும் என்று அப்பா கேட்டார்.

"பிள்ளைய அடிக்குத குரங்குன்னா வரும் அண்ணாச்சி."

பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். பால்வாடியிலும் சாப்பாட்டு நேரத்தில் குரங்குத் தொல்லை. அண்ணாச்சிக்கு இப்போது அருவியில் வேலையும் இல்லை. காலையிலிருந்து வந்து காவலுக்கு உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கும் நல்லது, அந்த மீசைக்காரக் குரங்கும் அடங்கும். அப்பா சுவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சரி என்றார்.

மறுநாள் முதல் அப்பா பால்வாடி வாசலில் கம்போடு உட்கார்ந்தார். அன்றைக்கே ஒரு நிஜக் குரங்கு அவருக்குப் பின்னால் வந்து பீடிக்கட்டைத் தூக்கிக்கொண்டு கூரை ஏறியது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் டீச்சருக்குப் புரையேறிவிட்டது. அன்றோடு அப்பாவுக்குக் குரங்கு மாமா என்று பெயர் வந்தது. ஊரில் ஒருவர் அப்படிக் கூப்பிட்டிருந்தால் வெட்டு குத்தாகியிருக்கும். கூப்பிட்டது மூக்கொழுகும் பிள்ளைகள் என்பதால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மழை வந்தபோது டீச்சர் அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். பக்கத்திலிருந்த ஒரு பொடியன் சாம்பார் சோற்றை அப்படியே அவர் வேட்டியில் கவிழ்த்தான். அப்பாவின் கை தானாக மேலே போனது. எல்லாப் பிள்ளைகளும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள்.

"அண்ணாச்சி," என்றார் டீச்சர், குரலை உயர்த்தாமல். "அது குரங்கு இல்ல. பிள்ளை."

உயர்ந்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்பா கொஞ்ச நேரம் தவித்தார். டீச்சர் பொடியனிடம் ஒரு துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னார். அவன் ரொம்பப் பொறுப்பாகத் துடைத்துச் சாம்பாரை வேட்டி முழுக்கப் பரப்பினான்.

கோபம் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது பால்வாடிச் சட்டம். பொம்மைக்காகச் சண்டை வந்தால், இரண்டு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முறைத்தபடி நிற்போம். கொஞ்ச நேரத்தில் எதற்கு முறைக்கிறோம் என்பது மறந்துவிடும். டீச்சர் இதை எங்களுக்குத்தான் சொல்வார். பார்ப்பது மட்டும் அப்பாவை.

ஒருநாள் ராத்திரி வீட்டில் கஞ்சிச் சட்டியைத் தட்டிவிட்டேன். அப்பா எழுந்தார். நான் கட்டிலைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இறுகக் கட்டிக்கொண்டு, நெற்றி நரம்பு புடைக்க அடுக்களை நடுவில் நின்றார். அம்மாவுக்குப் பால்வாடிச் சட்டம் தெரியாது.

"முதுகு பிடிச்சிருக்கா? எண்ணெய் தேச்சு விடட்டா?" என்று பயந்துகொண்டே கேட்டாள்.

அப்பா தெருவுக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார். அந்த வாரம் மூட்டையிலிருந்து ஒரு சேலை மட்டும் கொடிக்குத் திரும்பி வந்தது.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. அருவியில் குளிக்கத் தடை போட்டார்கள். அப்பா குடித்துவிட்டு வந்தார். கை பின்னால் போகவில்லை. என் முதுகில் விழுந்தது. அம்மா சேலையை மறுபடியும் மூட்டைக்குள் வைத்தாள்.

விடிந்ததும் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு பால்வாடிக்கு நடந்தார். நான் பொய்யை ஒழுங்காகச் சொல்கிறேனா என்று பார்க்கத்தான் கூடவே வருகிறார் என்று நினைத்தேன். குரங்கு, கம்பு, மீசை என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். எனக்கு வேலையே வைக்காமல் அவர் முந்திக்கொண்டார்.

"டீச்சர், நேத்து குரங்கு வந்துட்டு."

டீச்சர் என் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். "எந்தக் குரங்கு அண்ணாச்சி?"

"மீசைக்காரன்தான்" என்று சொல்லிவிட்டு, அப்பா பிள்ளைகள் உட்காருகிற குட்டிப் பலகையில் உட்கார்ந்து அழுதார். நான் அசந்துபோனேன். எனக்குப் பொய் சொல்ல வரும். அதற்கு அழுகையும் சேர்க்கிற திறமை கிடையாது.

டீச்சர் முன்பு சொன்னபடியே மேலிடத்துக்கு எழுதிவிட்டார். தென்காசி ஆபீஸிலிருந்து இரண்டு பெண்கள் வந்து அப்பாவிடம் தனியாகவும் அம்மாவிடம் தனியாகவும் பேசினார்கள். அம்மா அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. குடியை நிறுத்த வாரம் ஒருநாள் தென்காசி ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே போய்வந்தார். டீச்சர் சாயங்காலங்களில் சத்துமாவு கொடுக்கிற சாக்கில் வருவார்; அப்பா வந்து சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அம்மாவோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவார். அதன் பிறகும் கை பலதடவை எழும்பியது. எழும்பிய கை பாதியில் வழிமாறி முதுகுக்குப் பின்னால் போகப் பழகியது. எப்போது என்று தெரியாது, மூட்டை இருந்த இடத்தில் வெங்காயக் கூடை வந்துவிட்டது.

அடுத்த சாரல் தொடங்கியபோது என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். பால்வாடியில் கடைசி நாள் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குனிந்து சொன்னார்.

"ஏலே, பெரிய ஸ்கூலுக்குப் போனாலும் அந்தக் குரங்கு வந்துதுன்னா எங்கிட்ட வந்து சொல்லணும், என்னா? அடிச்சது யாரு எவருன்னு ஒண்ணும் விளக்க வேண்டாம். குரங்குன்னு மட்டும் சொல்லு, போதும்."

தலையை ஆட்டினேன். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எவ்வளவு நல்ல டீச்சர். இத்தனை நாளாகியும் குரங்குதான் அடித்தது என்று நம்பிக்கொண்டிருக்கிறாரே. உண்மையைச் சொல்லி அவர் மனசை நோகடிக்க வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டேன்.