சிங்-பாவுக்கு யூ-சுவான் மீட்டுக் கொடுத்த குரல்

யூ-சுவான் என்ற பெயரை நான் முதலில் கேட்டது மனுஷர் வாயிலிருந்து இல்லை, ஒரு லேப்டாப்பின் வாயிலிருந்து.

என் கொழுந்தன் சிங்-பாவுக்குத் தொண்டையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து அவன் சொல்ல வேண்டியதை லேப்டாப்பில் தட்டுவான், அது சத்தமாகப் படிக்கும். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் அது "யூ... யூ... சு..." என்று திக்கி நின்றது. நாங்கள் மீனைத் தின்று முள்ளை ஒதுக்கிய பிறகு, "...வானைக் கூப்பிடு" என்று முடித்தது.

"யாருடா அது?" என்றேன்.

அவன் பெண்டாட்டி பி-யூன் முந்திக்கொண்டாள். "இவர் வாட்ச்மேனா இருந்த கம்பெனியில வேலை பார்த்தவ, அக்கா. எங்க சித்தி மகன் கட்டியிருக்கானே, அவ தங்கச்சி."

"அந்தக் கல்யாணத்துல யாரோடயும் பேசாம இறாலை மட்டும் உரிச்சுக்கிட்டு இருந்தாளே, கண்ணாடிக்காரி, அவளா?"

"அவளேதான்."

முகம் என்னிடம் முன்னமே இருந்தது, பெயர் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது.

லேப்டாப்பைச் சரிசெய்யும் அவசரத்துக்குக் காரணம் உண்டு. சிங்-பாவின் மகள் ஜியா-ரோங்குக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வந்து நிற்கும்போது பெண் அப்பா அம்மாவை விழுந்து கும்பிடுவாள். அப்பா நாலு வார்த்தை சொல்வார். அப்புறம்தான் முகத்திரையை இறக்கி வாசல் தாண்டுவாள். அந்த நாலு வார்த்தையைப் பேப்பரில் எழுதிக் கொடு, நான் படிக்கிறேன் என்று பி-யூனின் தம்பி சொன்னான். சிங்-பா மேஜையில் ஒரு அடி அடித்தான், தேநீர் சிந்தியது. கம்பெனி வாசலில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் பஸ் நிறுத்தம்வரைக்கும் கேட்ட தொண்டை அவனுடையது. தன் மகளுக்குத் தானே சொல்ல வேண்டும் என்று நின்றான்.

யூ-சுவான் மறுநாளே வந்தாள். மியாவ்லியில் பன்றி வளர்க்கிற வீட்டுப் பெண். பள்ளிக்கூடம் முடித்ததும் எங்கள் குய்ஷானுக்கு வந்து லேப்டாப் கம்பெனியில் சேர்ந்தவள். புதிதாகச் செய்து வரும் லேப்டாப்புக்குள் சிஸ்டத்தை ஏற்றி, ஒவ்வொரு பாகமும் பதில் சொல்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அந்த வேலையைக் கம்பெனி வெளிநாட்டுக்குக் கொண்டுபோனபோது, பொரித்த கோழிக் கடைக்குப் பக்கத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலையை வாடகைக்கு எடுத்தாள். அவள் சரிசெய்து கொடுக்கிற லேப்டாப் எல்லாம் கோழி வாசம் அடிக்கும்.

கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "அத்தான், கண்டதையும் உள்ள விட்டு வச்சிருக்கீங்க. இதைத் துடைச்செல்லாம் தீராது. மொத்தமா அழிச்சிட்டு சிஸ்டத்தைப் புதுசா போடணும்" என்றாள்.

பி-யூன் பதறினாள். "பேய் மாசம்டி இது, செத்தவங்க வெளிய சுத்துற மாசம்! இந்த மாசத்துல யாராவது புதுசா ஒண்ணைத் தொடங்குவாங்களா?"

"வீடு பெருக்க நாள் பார்ப்பீங்களாக்கா?"

பி-யூன் கடைக்கு ஓடி ஒரு பொரிப் பொட்டலம் வாங்கி வந்து லேப்டாப் பக்கத்தில் வைத்தாள். மெஷின் சொன்ன பேச்சு கேட்க எங்கள் ஊரில் எல்லாரும் வைப்பதுதான். யூ-சுவான் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "பச்சைப் பொட்டலம்தான்கா வைக்கணும். மஞ்சளை வச்சா படுத்துக்கும்."

"பச்சை தீர்ந்துபோச்சுடி."

அழிப்பதற்கு முன்னால் அவன் சேமித்து வைத்த வாக்கியங்களையும் படங்களையும் ஒரு பென் டிரைவில் எடுத்தாள். பிறகு டிரைவர்களையும் எடுத்தாள். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிற ஆள் இல்லையாம். ஸ்பீக்கர், கேமரா, வைஃபை என்று உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் சிஸ்டம் சொல்வதை அதனதன் பாஷையில் எடுத்துச் சொல்கிற சின்னப் புரோகிராமாம். "இது பழைய மாடல் அத்தான். செஞ்சவங்களே இதோட டிரைவரை இப்ப தர்றதில்லை. இதுக்குள்ள இருக்கிறதுதான் நமக்குக் கிடைக்கும்" என்றாள். சிங்-பா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தட்டிப் பேச லேப்டாப் கையில் இல்லையே அவனுக்கு.

அழித்தாள். புது சிஸ்டம் ஏறி, திரை பளிச்சென்று வந்தது. பாகங்களின் பட்டியலைத் திறந்தாள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் மஞ்சள் குறி, அந்தப் பாகம் வேலை செய்யவில்லை என்று.

"சொன்னேன்ல, மஞ்சள் வைக்காதீங்கன்னு."

பி-யூன் பொட்டலத்தை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

யூ-சுவான் பென் டிரைவிலிருந்து ஒவ்வொரு டிரைவராகப் போட்டாள். மஞ்சள் குறிகள் போயின. சிங்-பா தட்டினான். "எனக்குப் பசிக்குது" என்று ஒரு இளம்பெண் குரல் கொஞ்சியது.

பி-யூன் இடுப்பில் கை வைத்தாள். "யாரு இவ? என் வீட்டுக்குள்ள எப்ப வந்தா?"

சிங்-பா தோள் குலுங்கச் சிரித்தான், சத்தமில்லாமல். புது சிஸ்டத்தில் ஆண் குரல் இல்லை, நெட்டிலிருந்து இறக்க வேண்டும் என்று யூ-சுவான் நெட்டைத் திறந்தாள். பழைய ஆண் குரல் வந்தது. நாங்கள் சந்தோஷமாக நூடுல்ஸ் சாப்பிடப் போனோம்.

திரும்பி வந்து சிங்-பா தட்டினால் சத்தமே இல்லை. மறுபடி தட்டினான். இல்லை. திரையில் எழுத்து இருக்கிறது, ஸ்பீக்கர் ஊமை. ஆஸ்பத்திரியில் தொண்டைக் கட்டைப் பிரித்த அன்றைக்கு இருந்த முகம் அவனுக்கு வந்துவிட்டது. அவன் லேப்டாப்பை மெதுவாக மூடப் போனான்.

யூ-சுவான் அவன் கையைப் பிடித்தாள். "மூடாதீங்க அத்தான். குரல் எங்கயும் போகலை. தப்பு என்மேல. நெட்டைத் திறந்துவிட்டுட்டு நூடுல்ஸ் தின்னப் போயிட்டேன். அந்த நேரத்துல சிஸ்டம் தானாவே புது சவுண்ட் டிரைவரைக் கொண்டாந்து நம்மளோடதுக்கு மேல போட்டிருச்சு. இந்த ஸ்பீக்கருக்கு அது ஒத்துக்கலை."

புதியதைக் கழற்றிப் பழையதைப் போட்டாள். அந்த ஒன்றை மட்டும் சிஸ்டம் இனிமேல் தானாக மாற்றாதபடி தடுத்து வைத்தாள். அப்புறம் வேண்டுமென்றே நெட்டைத் திறந்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம்வரை இருந்தாள். அவ்வப்போது "பேசுங்க அத்தான்" என்பாள். அவனும் தட்டுவான். ஒருதரம் லேப்டாப் சொன்னது: "என் பெண்டாட்டிகூட என்னை இத்தனை தடவை பேசச் சொன்னதில்லை."

"நான் சொல்லித்தான் பேசினீங்களா என்ன?" என்றாள் பி-யூன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கல்யாணத்தன்று ஜியா-ரோங் முட்டி போட்டுக் கும்பிட்டாள். சிங்-பா முன்கூட்டித் தட்டி வைக்கவில்லை, அங்கேயே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். கூடமே காத்திருந்தது. லேப்டாப் தெளிவாகச் சொன்னது: "ஜியா-ரோங், தினமும் போன் பண்ணு. அப்பா பதில் சொல்ல நேரமாகும். போனை வச்சிடாதே."

முகத்திரை இறங்குமுன்னே அவள் கண்மையெல்லாம் கரைந்துவிட்டது.

விருந்தில் யூ-சுவான் கடைசி மேஜையில் போய் உட்கார்ந்தாள். பி-யூன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். எங்களில் தாய்மாமன் உட்காரும் மேஜைதான் மரியாதையில் பெரிய மேஜை. பேப்பரைப் படிக்கிறேன் என்ற அவள் தம்பி தன் நாற்காலியை நகர்த்தி, "இங்க உட்காரு தங்கச்சி" என்றான். யூ-சுவான் யாரோடும் பேசாமல் இறாலை உரித்தாள். உரித்ததில் பாதியை என் கிண்ணத்தில் போட்டாள்.

அவளுக்கு முகத்துக்கு நேரே நன்றி சொல்ல முடியாது. காது சிவந்து எழுந்து போய்விடுவாள். அதனால்தான் இங்கே எழுதினேன். எங்கள் குடும்பத்தில் ஒருவன் தன் மகளோடு தினமும் பேசுகிறான் என்றால், அது இவளால்.

யூ-சுவான் இப்போது மியாவ்லியில் இருக்கிறாள். அம்மாவுக்கு முடியாமல் போனதால் ஊரோடு போய்விட்டாள். வீட்டு முன்னறையில் லேப்டாப் சரிசெய்யும் கடை வைத்திருக்கிறாள்.