லிஃப்ட்காரர் படியேறிய கதை

அந்த இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே லிஃப்ட்காரருக்கு ஐம்பத்து நான்காவது வயதில்தான் தெரியவந்தது. இருபத்தாறு வருஷமாக லிஃப்டுக்குள் ஒரு மர ஸ்டூல், தலைக்கு மேல் ஒரு குட்டி ஃபேன், "எந்த மாடி?" என்ற ஒரே கேள்வி. இதுதான் மனிதரின் உத்தியோகம். ஸ்டூலுக்கு இரண்டு தடவை கால் மாற்றியாகிவிட்டது. அவர் கால்கள் தேயாமல் அப்படியே இருந்தன.

அப்படிப்பட்டவர், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு ஒரு பெண் உண்டியலோடு வந்தபோது, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "மொட்டை மாடி வரைக்கும் நான் படியேறிக் காட்டறேன். ஏறி முடிச்சா எல்லாரும் பணம் போடுங்க!"

ஆபீஸ் ஆபீஸாகச் சிரித்தார்கள். பதினெட்டாம் மாடி மேனேஜர் மட்டும் கறாராகச் சொன்னார்: "லிஃப்ட்ல கால் வெச்சீங்கன்னா ஒரு பைசா கிடையாது." மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை ஏற ஆரம்பித்தார். ஐந்தாம் மாடியில் சட்டை நனைந்தது. பத்தாம் மாடியில் நாக்குத் தள்ளியது. பத்தொன்பதாம் மாடியில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எதிரே லிஃப்ட் கதவு திறந்தது. ஃபைல் கட்டோடு ஓர் அம்மா ஓடி வந்து, "அண்ணே, கீழ!" என்றார்.

அவ்வளவுதான். மனிதர் உள்ளே போனார், பொத்தானை அழுத்தினார், ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்பாடா என்றுகூட இருந்தது. ஏழாம் மாடி தாண்டும்போதுதான் உறைத்தது.

கீழே கதவு திறந்தது. எதிரே மேனேஜர், வாட்ச்மேன், கையில் தண்ணீர் பாட்டிலோடு மனைவி. லிஃப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றாள் மனைவி.

மேனேஜருக்கே பாவமாகிவிட்டது. "சரி, போகட்டும். பத்தொன்பது வரைக்கும் லிஃப்ட்லயே போயிட்டு அங்கிருந்து ஏறுங்க. நாங்க கண்டுக்கலை."

அவர் மனைவியைப் பார்த்தார். போன வருஷம் அவளுக்கும் புற்றுநோய்தான். நாலு தடவை மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டிய பிறகு, "இந்த மருந்து கேக்கலைம்மா. வேற மருந்து வெச்சு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்றார் டாக்டர். லிஃப்ட்காரர் வராந்தாவுக்குப் போய்க் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரலாமா?" யாரோ எங்கேயோ உட்கார்ந்து ஆராய்ந்து கண்டுபிடித்த அந்த வேறு மருந்துதான் இன்றைக்கு அவளை இங்கே நிற்க வைத்திருந்தது.

"முதல்ல இருந்தே ஏறறேன்" என்றார். "கொஞ்சம் தண்ணி குடு."

கொடுத்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று லிஃப்டுக்குள் போய் ஸ்டூலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இதை மொட்டை மாடிக்குக் கொண்டு போறேன். உங்களுக்கு உட்காரணும்னா அங்க வந்து உட்காருங்க."

மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் அதில் உட்கார்ந்தார். எழுப்பத்தான் நாலு பேர் தேவைப்பட்டார்கள்.